ஏயுஆர் புதுப்பிப்புக் கருவி இயங்க மறுத்தால் எங்கிருந்து தொடங்குவது?

ஆர்ச் லினக்ஸ் இயங்குதளத்தையோ அதைத் தழுவிய வழங்கல்களையோ புதிதாகப் பயன்படுத்தத் தொடங்கியவர்கள், கணினியை முழுமையாகப் புதுப்பித்த பிறகு ஏயுஆர் எனப்படும் ஆர்ச் பயனர் களஞ்சியத்திலிருந்து மென்பொருள்களை நிறுவிப் புதுப்பிக்கும் யேய் அல்லது பாரு கருவியை இயக்கும்போது, அது ஒற்றை வரிப் பிழைச்செய்தியைக் காட்டிவிட்டு நின்றுபோவதைக் கண்டு, இயங்குதளமே கெட்டுவிட்டது என்று அஞ்சி மறுநிறுவல் வரை போய்விடுவதுண்டு. பெரும்பாலான நேரங்களில் அதற்குத் தேவையே இருக்காது. பழுதாகியிருப்பது மேலே உள்ள ஓர் அடுக்கு. அடியில் இருப்பவை வழக்கம்போல வேலை செய்துகொண்டிருக்கும். எனவே எந்த அடுக்கில் கோளாறு என்பதைப் பிரித்தறிந்து, அடியிலிருந்து மேல்நோக்கிச் சரிசெய்யும் முறையை இங்கே விளக்குகிறேன்.

கட்டளைகளை இந்தக் கட்டுரையில் ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். முனையத்தில் அவற்றை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும். பொதிகளை (நிறுவுவதற்கு ஏற்ப கட்டிய மென்பொருள்களை) நிறுவும் கருவியான பேக்மேனுக்குத் தரும் விருப்பங்களில் முதலெழுத்து எப்போதும் பெரிய எழுத்து, அடுத்து வருபவை சிறிய எழுத்துகள். பொதிகளைத் தொகுக்கும் கருவியான மேக்பிகேஜிக்குத் தருபவை அனைத்தும் சிறிய எழுத்துகள்.

அடுக்குகள்

எல்லாவற்றுக்கும் அடியில் லிப்ஏஎல்பிஎம் என்ற நிரலகம் (பல கருவிகள் பகிர்ந்து பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) இருக்கிறது. எந்தப் பொதி நிறுவப்பட்டிருக்கிறது, எதற்கு எது சார்பு, எந்தக் கோப்பு எந்தப் பொதிக்கு உரியது ஆகிய கணக்குகளைப் பார்ப்பது அதுதான். பேக்மேன் அந்த நிரலகத்தின் மேல் அமர்ந்திருக்கும் கட்டளைக் கருவி. கோர், எக்ஸ்ட்ரா போன்ற அதிகாரப்பூர்வக் களஞ்சியங்களிலிருந்து, ஆர்ச் திட்டத்தின் பராமரிப்பாளர்கள் உருவாக்கிக் கையொப்பமிட்ட பொதிகளை அது கொண்டுவருகிறது.

ஏயுஆர் இதற்கு வெளியே நிற்பது. அங்கே ஆயத்தப் பொதிகள் கிடையா. பயனர்கள் எழுதி ஏற்றிய பிகேஜிபில்ட் என்னும் செய்முறைக் கோப்புகளே உள்ளன. மூலநிரலை எங்கிருந்து இறக்குவது, எப்படித் தொகுப்பது, எந்தக் கோப்பை எங்கே வைப்பது என்பதை அந்தக் கோப்பு சொல்கிறது. மேக்பிகேஜி அதைப் படித்து உங்கள் கணினியிலேயே பொதியை உருவாக்குகிறது. உருவான பொதியைப் பேக்மேன் நிறுவுகிறது. யேய், பாரு, பமாக் போன்றவை இந்த வேலைகளைத் தாமாகவே வரிசையாகச் செய்து முடிக்கும் உதவிக் கருவிகள்.

புதியவர்கள் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று இதில் உண்டு. ஆர்ச்சில் இந்த உதவிக் கருவிகளும் ஏயுஆரிலிருந்தே வருபவை. ஆர்ச் திட்டம் அவற்றை அதிகாரப்பூர்வமாகப் பராமரிப்பதில்லை. பேக்மேன் மாறும்போது அவற்றையும் அதே நாளில் மறுபடி தொகுத்துத் தரும் பொறுப்பு யாருக்கும் இல்லை. கணினியின் உரிமையாளரான உங்களுக்குத்தான் இருக்கிறது. கீழே வரும் கோளாறுகளில் பலவும் இந்த ஒரு காரணத்திலிருந்தே கிளைக்கின்றன.

முதலில் பேக்மேனைத் தனியாக இயக்குங்கள்

உதவிக் கருவி எந்தப் பிழையைக் காட்டினாலும் அதை மூடிவிட்டு, நிர்வாகி உரிமையோடு முழுப் புதுப்பிப்பைச் செய்யும் சூடோ பேக்மேன் -எஸ்ஒய்யு என்ற கட்டளையைத் தனியாக இயக்கிப் பாருங்கள். அது சிக்கலின்றி முடிந்தால் உங்கள் இயங்குதளம் நலம். கோளாறு உதவிக் கருவியிலோ ஏதோ ஓர் ஏயுஆர் பொதியிலோ இருக்கிறது. பேக்மேனும் பிழை காட்டினால், அதைத் தீர்க்கும்வரை உதவிக் கருவியைத் தொடவே வேண்டாம்.

பிழைச்செய்தியின் தொடக்கத்தைப் பார்த்தே யார் பேசுகிறார்கள் என்பதை ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். "எரர்" என்று சிறிய எழுத்துகளில் தொடங்கினால் பெரும்பாலும் அது பேக்மேனின் குரல். இரட்டைச் சமக்குறியும் அம்புக்குறியும் முன்னே நிற்க, "எரர்" பெரிய எழுத்துகளில் வந்தால் பேசுவது மேக்பிகேஜி. செய்தியின் கடைசி வரியை மட்டும் படிப்பவர்கள் "தொகுப்பு தோல்வி" என்ற பயனற்ற தகவலோடு நின்றுவிடுகிறார்கள். உண்மைக் காரணம் பெரும்பாலும் அதற்கு இருபது முப்பது வரிகள் மேலே இருக்கும். முனையத்தை மேல்நோக்கி நகர்த்தி, முதன்முதலாகப் பிழை என்று சொன்ன வரியைத் தேடுங்கள்.

உதவிக் கருவியே திறக்கவில்லை என்றால்

மிக அடிக்கடி நேர்வது இதுதான். யேய் என்று தட்டியதும், பகிர்ந்த நிரலகத்தை ஏற்ற முடியவில்லை, லிப்ஏஎல்பிஎம்.எஸ்ஓ.14 என்ற கோப்பு இல்லை என்ற பொருளில் ஒரு வரி வந்து கருவி நின்றுவிடும். பேக்மேனின் பெரிய பதிப்புகள் வரும்போது அந்த நிரலகத்தின் எண்ணும் கூடுவதுண்டு. 2021இல் வந்த பேக்மேன் 6.0 உடன் அது 13 ஆனது, 2024இல் 6.1 உடன் 14, அதே ஆண்டில் 7.0 உடன் 15. உங்கள் கணினியில் இருக்கும் யேய், 14ஐ நம்பித் தொகுக்கப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். பேக்மேன் புதுப்பிக்கப்பட்டதும் 14 போய் 15 வந்துவிட்டது. யேய் பழைய கோப்பைத் தேடித் தோற்கிறது.

இதை உறுதிசெய்ய, எல்டிடி என்ற கட்டளைக்கு /யுஎஸ்ஆர்/பின்/யேய் என்ற பாதையைக் கொடுத்துப் பாருங்கள். அந்தக் கருவி சார்ந்திருக்கும் நிரலகங்கள் வரிசையாக வரும். காணாமல்போனதற்கு எதிரே "நாட் ஃபவுண்ட்" என்று இருக்கும். அங்கே லிப்ஏஎல்பிஎம் நின்றால் நோய் தெரிந்துவிட்டது.

இணையத்தில் இதற்குப் பரவலாகக் கிடைக்கும் ஒரு குறுக்குவழி, புதிய 15ஆம் எண் கோப்புக்குப் பழைய பெயரில் ஒரு குறியீட்டு இணைப்பைப் போட்டுவிடுவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எண் மாறுவதே உள்ளமைப்பு பொருந்தாது என்று அறிவிக்கத்தான். அந்த அறிவிப்பை மறைத்துவிட்டுப் பொதிக் கணக்கையே கையாளும் ஒரு கருவியை இயக்குவது, கணக்கைச் சிதைக்கும் ஆபத்தை வரவழைப்பதாகும். பேக்மேனின் அமைப்புக் கோப்பில் இக்னோர்பிகேஜி வரியில் பேக்மேனையே சேர்த்து அதன் புதுப்பிப்பை நிறுத்திவைப்பதும் இதே வகையைச் சேர்ந்த தவறு. ஓர் உதவிக் கருவிக்காக அடித்தளத்தைப் பழையதாகவே வைத்திருப்பதில் பொருளில்லை.

சரியான தீர்வு மறுதொகுப்பு. பேக்மேன் முழுப் புதுப்பிப்பை முடித்திருக்கிறது என்பதையும், தொகுப்பதற்கு வேண்டிய பேஸ்-டெவல், களஞ்சியத்தை இறக்க வேண்டிய கிட் ஆகிய பொதிகள் இருக்கின்றன என்பதையும் உறுதிசெய்துகொண்டு, கிட் குளோன் கட்டளையால் ஏயுஆர் தளத்திலுள்ள யேய் பொதியின் களஞ்சியத்தை வெற்று அடைவு ஒன்றில் இறக்குங்கள். உருவான அடைவுக்குள் சென்று மேக்பிகேஜி -எஸ்ஐ என்று கொடுங்கள். எஸ் என்பது தேவையான சார்புகளைப் பேக்மேன் வழியாகக் கொண்டுவரும். ஐ என்பது உருவான பொதியை நிறுவும். இங்கே சூடோ சேர்க்கக் கூடாது. நிர்வாகியாக இயக்கினால் மேக்பிகேஜி மறுத்துவிடும், சார்புகளையும் பொதியையும் நிறுவும் கட்டங்களில் மட்டும் கடவுச்சொல்லை அதுவே கேட்டுக்கொள்ளும்.

வெற்று அடைவு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. ஏற்கெனவே தொகுத்த பழைய அடைவில் இதே கட்டளையை இயக்கினால், அதே பதிப்பெண் கொண்ட பொதி ஏற்கெனவே இருக்கிறது என்று மேக்பிகேஜி அந்தப் பழைய கோப்பையே எடுத்து நிறுவிவிடும். பிழையும் அப்படியே இருக்கும், நாம் மறுதொகுப்பு செய்துவிட்டதாக நினைத்துக் குழம்பிப் போவோம். பழைய அடைவையே பயன்படுத்தியாக வேண்டும் என்றால் எஃப் என்ற விருப்பத்தையும் சேர்த்துக் கட்டாயமாகத் தொகுக்க வைக்கலாம்.

சில நேரங்களில் மறுதொகுப்பே தோல்வியடையும். புதிய நிரலகத்துக்கு ஏற்ப உதவிக் கருவியின் மூலநிரலைத் திருத்த வேண்டியிருக்கலாம். அதை எழுதுபவர்கள் ஓய்வு நேரத்தில் வேலை செய்யும் தன்னார்வலர்கள். திருத்தம் வரும்வரை காத்திருப்பதில் இழப்பு ஏதும் இல்லை. அதிகாரப்பூர்வப் பொதிகளைப் பேக்மேன் பார்த்துக்கொள்ளும். அவசரமாகத் தேவைப்படும் ஏயுஆர் பொதியை மேலே சொன்ன கிட் குளோன், மேக்பிகேஜி வழியில் நேரடியாக நிறுவிக்கொள்ளலாம். உதவிக் கருவி வைத்திருந்தாலும் இந்த நேரடி வழியை ஒருமுறையாவது செய்து பழகிக்கொள்ளும்படி எல்லாப் புதியவர்களையும் வற்புறுத்துவேன்.

கருவி திறக்கிறது, ஆனால் மற்ற மென்பொருள் உடைகிறது

இதே நோய் வேறு வடிவில் வருவதைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். பைத்தான் 3.12இலிருந்து 3.13க்கு மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதிகாரப்பூர்வக் களஞ்சியத்திலுள்ள பைத்தான் பொதிகள் அனைத்தையும் பராமரிப்பாளர்கள் புதிய பதிப்புக்கு மறுதொகுத்துத் தந்துவிடுவார்கள். ஏயுஆரிலிருந்து நீங்கள் நிறுவியவற்றின் கோப்புகளோ /யுஎஸ்ஆர்/லிப்/பைத்தான்3.12 என்ற அடைவிலேயே கிடக்கும். புதிய பைத்தான் அங்கே பார்ப்பதில்லை. எனவே நேற்று வரை ஓடிய நிரல் இன்று, தனக்குத் தேவையான மாட்யூல் கிடைக்கவில்லை என்று சொல்லி நின்றுவிடும்.

உதவிக் கருவியைக் கேட்டால் புதுப்பிக்க ஒன்றுமில்லை என்றே சொல்லும். அதன் பார்வையில் அது உண்மையும்கூட: அந்த ஏயுஆர் பொதியின் பதிப்பெண் மாறவில்லை, அதைச் சுற்றியிருந்த உலகம்தான் மாறியிருக்கிறது. பேக்மேன் -கியூஓகியூ என்ற கட்டளைக்கு அந்தப் பழைய அடைவின் பாதையைக் கொடுத்தால், அதில் இன்னும் கோப்பு வைத்திருக்கும் பொதிகளின் பெயர்கள் கிடைக்கும். அந்தப் பட்டியலில் உள்ளவற்றை யேய் -எஸ் கட்டளையோடு ரீபில்ட் விருப்பத்தைச் சேர்த்து மறுதொகுத்தால் சரியாகிவிடும். பைத்தான் தவிர்த்த பிற நிரலகங்களால் நேரும் உடைப்புகளைக் கண்டறிய எக்ஸ்ட்ரா களஞ்சியத்தில் ரீபில்ட்-டிடெக்டர் என்ற பொதி இருக்கிறது. அதிலுள்ள செக்ரீபில்ட் கட்டளை, மறுதொகுக்க வேண்டியவற்றைப் பட்டியலிடும். பெரிய புதுப்பிப்பு ஒன்று முடிந்ததும் இதை ஒருமுறை இயக்குவது நல்ல வழக்கம்.

ஆர்ச்சைத் தழுவிய மஞ்சாரோ வழங்கலைப் பயன்படுத்துபவர்களுக்கு இந்தப் பொருத்தமின்மை எதிர்த்திசையிலும் வரும். அதன் நிலையான கிளை, ஆர்ச்சில் வந்த பொதிகளைச் சில காலம் நிறுத்திவைத்துச் சோதித்த பிறகே வெளியிடுகிறது. ஏயுஆரின் செய்முறைகளோ ஆர்ச்சின் அன்றைய நிலையை மனத்தில் கொண்டு எழுதப்படுபவை. ஆகவே உங்களிடம் இன்னும் வந்து சேராத ஒரு நிரலகப் பதிப்பை ஏயுஆர் பொதி கேட்கலாம். அடுத்த தொகுதிப் புதுப்பிப்பு வரும்வரை அந்தப் பொதியை மட்டும் தள்ளிவைப்பதே இதற்கு ஏற்ற வழி.

பூட்டு

தரவுத்தளத்தைப் பூட்ட முடியவில்லை என்று பேக்மேன் சொன்னால், வேறு ஏதோ ஒன்று அதே நேரத்தில் பொதிக் கணக்கைத் திறந்து வைத்திருக்கிறது, அல்லது முன்பு திறந்தது முறையாக மூடப்படவில்லை என்று பொருள். பின்னணியில் பமாக் போன்ற வரைகலைக் கருவி புதுப்பிப்பைத் தேடிக்கொண்டிருக்கக்கூடும். இன்னொரு முனையச் சாளரத்தில் பேக்மேன் உங்கள் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருக்கக்கூடும். அப்படி எதுவும் ஓடவில்லை என்பதை உறுதிசெய்த பிறகே /வார்/லிப்/பேக்மேன் அடைவிலுள்ள டிபி.எல்சிகே என்ற பூட்டுக் கோப்பை நீக்க வேண்டும்.

புதுப்பிப்பின் நடுவில் மின்சாரம் போனதால் பூட்டு எஞ்சியிருந்தால் கூடுதல் கவனம் தேவை. /வார்/லாக் அடைவிலுள்ள பேக்மேன்.லாக் கோப்பின் கடைசி வரிகளைப் பாருங்கள். "டிரான்சாக்‌ஷன் ஸ்டார்ட்டெட்" என்று இருந்து, அதற்கு இணையான "கம்ப்ளீட்டெட்" இல்லையென்றால் வேலை பாதியில் அறுந்திருக்கிறது. பூட்டை நீக்கி முழுப் புதுப்பிப்பை மீண்டும் இயக்குங்கள். அறுந்த பட்டியலில் கர்னல் (இயங்குதளத்தின் மையநிரல்) இருந்தால், அதை மறுபடி நிறுவி முடிக்கும்வரை கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டாம்; தொடக்கத்துக்கு வேண்டிய படிமம் முழுமையாக உருவாகாமல் இருந்தால் கணினி எழும்பாது.

கையொப்பச் சிக்கல்கள்: இரண்டு சாவிக்கொத்துகள்

பல மாதங்கள் அணைத்து வைத்திருந்த கணினியைப் புதுப்பிக்கும்போது, கையொப்பம் நம்பத்தகாதது, பொதி சிதைந்துள்ளது என்ற செய்திகள் சரமாரியாக வரும். முதலில் டைம்டேட்சிடிஎல் கட்டளையால் கணினியின் நாளும் நேரமும் சரியாக உள்ளனவா என்று பாருங்கள். கடிகாரம் பிசகியிருந்தால் செல்லுபடியாகும் கையொப்பம்கூடச் செல்லாததாகத் தெரியும். கடிகாரம் சரியென்றால், கையொப்பங்களைச் சரிபார்க்க வேண்டிய, பராமரிப்பாளர்களின் புதிய சாவிகள் உங்களிடம் இல்லை என்று கொள்ளலாம். பேக்மேன் -எஸ்ஒய் கட்டளையால் அந்தச் சாவிகள் அடங்கிய ஆர்ச்லினக்ஸ்-கீரிங் பொதியை மட்டும் முதலில் புதுப்பித்து, உடனடியாக, இடையில் வேறெதுவும் நிறுவாமல், பேக்மேன் -எஸ்யு கொடுத்து முழுப் புதுப்பிப்பை முடியுங்கள். கையொப்பச் சோதனையையே அணைத்துவிடும்படி சொல்லும் ஆலோசனைகளைப் புறக்கணியுங்கள்.

உடனடியாக என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம், -எஸ்ஒய் கொடுத்து ஒரே ஒரு பொதியை நிறுவிவிட்டு மீதியை விட்டுவிடுவது பகுதிப் புதுப்பிப்பு ஆகிவிடும் என்பதே. புதிய பொதி புதிய நிரலகங்களை எதிர்பார்க்கும். கணினியில் பழையவை இருக்கும். ஆர்ச் இந்த நிலையை ஆதரிப்பதில்லை. காரணம் விளங்காமல் மென்பொருள்கள் உடைவதாகப் புதியவர்கள் முறையிடும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்விகளில் இதுவும் ஒன்று.

ஏயுஆர் பொதியைத் தொகுக்கும்போது வரும் கையொப்பப் பிழை வேறு வகை. அங்கே சரிபார்க்கப்படுவது மூலநிரலை எழுதியவரின் கையொப்பம். அதற்குப் பயன்படுவது பேக்மேனின் சாவிக்கொத்து அல்ல, உங்கள் பயனர் கணக்கின் ஜிபிஜி சாவிக்கொத்து. ஆகவே ஆர்ச்லினக்ஸ்-கீரிங்கை எத்தனை முறை புதுப்பித்தாலும் இது தீராது. பிகேஜிபில்டில் வேலிட்பிஜிபிகீஸ் என்ற இடத்திலுள்ள சாவி எண்ணை, மென்பொருளின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் தரப்பட்டிருப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஜிபிஜி ரெசீவ்-கீஸ் வழியாக இறக்கிக்கொள்ளுங்கள். செக்சம் (கோப்பு மாறவில்லை என்பதைச் சோதிக்கும் எண்) பொருந்தவில்லை என்ற பிழை வந்தால், மூலக் கோப்பு மாறியிருக்கிறது, செய்முறை இன்னும் மாறவில்லை என்பது வழக்கமான காரணம். ஆனால் அது மட்டுமே காரணம் என்று எடுத்துக்கொண்டு சோதனையைத் தவிர்த்துவிடாமல், பராமரிப்பாளர் திருத்தும்வரை பொறுத்திருங்கள்.

வலையமைப்பு, இடம்

கோப்பு கிடைக்கவில்லை என்ற 404 பிழை வந்தால் உங்கள் பொதிப் பட்டியல் பழையது, அல்லது நீங்கள் பயன்படுத்தும் மிரர் (பொதிகளின் நகலை வைத்திருக்கும் வழங்கி) பின்தங்கியிருக்கிறது. முழுப் புதுப்பிப்பு கொடுத்தும் தீரவில்லையென்றால் ரிஃப்ளெக்டர் கருவியால் மிரர் பட்டியலை மாற்றுங்கள். ஏயுஆர் தளமே எட்டாமல் போகும் நாட்களும் உண்டு. 2025 ஆகஸ்டில் ஆர்ச்சின் சேவைகள் மீது நடந்த சேவைமறுப்புத் தாக்குதலால் அத்தளமும் பாதிக்கப்பட்டது. அத்தகைய நாட்களில் உங்கள் கணினியில் திருத்த ஒன்றுமில்லை.

வட்டில் இடமில்லை என்ற செய்திக்கு டிஎஃப் -எச் கட்டளையால் எந்தப் பிரிவு நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள். பழைய பொதிகளின் சேமிப்பே காரணமென்றால் பேக்மேன்-கான்ட்ரிப் பொதியிலுள்ள பேக்கேச் -ஆர், ஒவ்வொன்றிலும் அண்மைய மூன்று பதிப்புகளை விட்டுவைத்து மற்றவற்றை நீக்கும். அனைத்தையும் துடைத்துவிடாதீர்கள், புதிய பதிப்பு ஒத்துவராதபோது அந்தச் சேமிப்பிலிருந்து பேக்மேன் -யு வழியாகப் பழையதைத் திரும்ப நிறுவ அவை வேண்டியிருக்கும்.

கோளாறு நேரத்தில் எதையும் நம்பி நிறுவாதீர்கள்

ஏதோ உடைந்திருக்கும் பதற்றத்தில்தான் மனிதர்கள் சிந்திக்காமல் கட்டளைகளை ஒட்டுகிறார்கள், அதை அறிந்தவர்களும் இருக்கிறார்கள். 2025 ஜூலை 16 அன்று ஃபயர்ஃபாக்ஸ்-பேட்ச்-பின், லிப்ரவுல்ஃப்-ஃபிக்ஸ்-பின், சென்-பிரவுசர்-பேட்ச்டு-பின் என்ற பெயர்களில் ஏயுஆரில் பொதிகள் ஏற்றப்பட்டன. உலாவியில் கோளாறு உள்ளவர் தேடக்கூடிய பெயர்கள். அவற்றுக்குள் இருந்தது, கணினியைத் தொலைவிலிருந்து கட்டுப்படுத்தும் தீநிரல். 18ஆம் தேதி அவை நீக்கப்பட்டன. 2018இல் பராமரிப்பாளர் இல்லாமல் கிடந்த அக்ரோரீட் பொதியை வேறொருவர் பொறுப்பேற்று, தீங்கான வரிகளைச் செருகியதும் நடந்திருக்கிறது.

எனவே உதவிக் கருவி பிகேஜிபில்டைக் காட்டட்டுமா என்று கேட்கும்போது என்டரைத் தட்டிக் கடந்துவிட வேண்டாம். முழு நிரலறிவு தேவையில்லை. சோர்ஸ் என்ற பகுதியிலுள்ள முகவரிகள் அந்த மென்பொருளின் உண்மையான இடத்தைச் சுட்டுகின்றனவா, .இன்ஸ்டால் என்று முடியும் துணைக்கோப்பு ஏதாவது இருக்கிறதா, இணையத்திலிருந்து எதையாவது இறக்கி நேரே இயக்கும் வரி உள்ளதா என்ற மூன்றைப் பார்த்தாலே போதிய எச்சரிக்கை கிடைக்கும். ஏற்கெனவே நிறுவிய பொதி என்றால், கடந்த முறைக்கும் இந்த முறைக்கும் இடையிலான மாற்றத்தை மட்டும் காட்டச் சொல்லலாம். பெரும்பாலும் பதிப்பெண்ணும் செக்சமும் மாறியிருக்கும், அவ்வளவே.

கருவியையே மாற்ற வேண்டிவந்தால்

உதவிக் கருவிகளும் கைவிடப்படுவதுண்டு. ஒரு காலத்தில் பரவலாக இருந்த யவுர்ட்டின் வளர்ச்சி நின்றுபோய், அதன் இடத்துக்கு யேய் போன்றவை வந்தன. நீங்கள் பயன்படுத்தும் கருவி நெடுநாளாகத் திருத்தம் இல்லாமல் கிடந்தால், பேக்மேன் -ஆர்என்எஸ் கொடுத்து அதை நீக்கிவிட்டு, வேறொன்றை மேக்பிகேஜி வழியாக நிறுவிக்கொள்ளலாம். ஏயுஆர் பொதிகளின் பதிவு உதவிக் கருவியிடம் இல்லை, பேக்மேனின் தரவுத்தளத்தில் இருக்கிறது. பேக்மேன் -கியூஎம் கொடுத்தால் களஞ்சியத்துக்கு வெளியிலிருந்து வந்த அனைத்தும் பட்டியலாகக் கிடைக்கும். புதிய கருவியும் அதே பட்டியலைப் படித்தே புதுப்பிப்புகளைத் தேடும் என்பதால் எதையும் மறுபடி நிறுவ வேண்டியதில்லை. பட்டியல் கையில் இருக்கும்போதே, இனித் தேவைப்படாதவற்றையும் ஏயுஆரிலிருந்தே நீக்கப்பட்டுவிட்டவற்றையும் அகற்றிவிட்டால், அடுத்த பெரிய புதுப்பிப்பின்போது மறுதொகுக்க வேண்டியவை அந்த அளவுக்குக் குறையும்.